பொட்டு வெடியும் கம்பெனித் துப்பாக்கியும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெரியப்பா வீட்டில் எல்லாமே திண்ணைக்கு வந்துவிடும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், பம்ப்செட் ஸ்பேனர்கள், கடைசியாகப் பீரோவிலிருந்து தாத்தாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் நிலம். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் இறங்கும் பன்றியைச் சத்தம் போட்டு விரட்டுவதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதி தாத்தா வாங்கிய உரிமம் அது. எனக்கு அப்போது பதினேழு வயது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை சும்மா இருக்கவில்லை. குழலின் அடிப்பக்கம் கறுத்துக் கிடந்த இடத்திலும் புளியை வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. உப்புத்தாளை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிட்டது.

பெரியப்பா வந்து திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, ரேஷன் கார்டுல பேரை அழிச்சிட்டு, கார்டு நல்லா வெள்ளையா கீதுன்றியே!"

அந்தக் கறுப்புக்கு அடியில் இருந்தவை சின்னச் சின்ன முத்திரைகள். கிரீடம், அதன் கீழே இரண்டு எழுத்து, ஒரு சாய்சதுரம். அந்தத் துப்பாக்கி எந்த ஊரில் சோதிக்கப்பட்டது, எந்த வெடிமருந்தைத் தாங்கும், எந்தக் காலத்தது என்று சொல்ல வேண்டிய எழுத்துகள். பழைய துப்பாக்கிகள் மீது எனக்கு ஆர்வம் வந்ததே அவற்றை அழித்த பிறகுதான். அதனால் இதில் புதிதாக நுழைகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தேய்க்காதீர்கள், படியுங்கள். எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நெருப்பு எங்கே பிறக்கிறது?

ஒரு பழைய துப்பாக்கி கண்ணில் பட்டால் நீளத்தையோ வேலைப்பாட்டையோ பார்க்காதீர்கள். மருந்துக்கு நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காலம் பாதி தெரிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள தீபாவளியை நினைத்தால் போதும்.

ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு லட்சுமி வெடியின் திரியைப் பற்ற வைக்கிறோம் இல்லையா, அது முதல் வகை. திரித் துப்பாக்கி. கனன்றுகொண்டே இருக்கும் ஒரு கயிற்றுத் திரியை வளைந்த கொக்கி ஒன்று பிடித்திருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி இறங்கி, குழலின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்தைத் தொடும். கிண்ணியில் பற்றிய தீ, பற்றுவாய் என்கிற சிறு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். நம் நாட்டுப் பாளையங்களிலும் நவாபு படைகளிலும் இருந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். மழை வந்தால் கதை முடிந்தது. இருட்டில் பதுங்கியிருந்தாலும் திரியின் கங்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கேஸ் அடுப்பு லைட்டரைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் உரசித் தீ எடுத்தார்கள். அது இரண்டாம் வகை. குதிரை என்று சொல்கிறோமே, அந்த வளைந்த உறுப்பின் வாயில் ஒரு துண்டுக் கல்லைத் தோலில் சுற்றி இறுக்கியிருப்பார்கள். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து ஒரு எஃகுத் தகட்டில் உரசும். தகடு முன்பக்கம் சாய, கிண்ணி திறக்க, பொறி மருந்தில் விழும். இதெல்லாம் ஒரே நொடிக்குள். கல் முனை மழுங்கினாலோ, பற்றுவாயில் கரி அடைத்தாலோ, கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரிந்துவிட்டுக் குழல் ஊமையாக நிற்கும்.

மூன்றாவது, பிள்ளைகள் கையில் இருக்கிற தீபாவளித் துப்பாக்கி. பொட்டு வெடியின் மேல் சுத்தி விழுந்தால் டப்பென்று வெடிக்கிறது. கல் இல்லை, திரி இல்லை, அடி பட்டாலே வெடிக்கிற ஒரு துளி ரசாயனம். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்கிற பாதிரியார் 1807-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு வாத்து வேட்டைப் பைத்தியம். கிண்ணியில் தீ தெரிந்தவுடன் வாத்து பறந்துவிடுகிறதே என்கிற எரிச்சலில்தான் இதைத் தேடினாராம். பிறகு அது செம்புத் தொப்பி வடிவம் எடுத்தது. ஆங்கிலேயப் படை 1840-ஐ ஒட்டித்தான் அதற்கு மாறியது. இன்று தோட்டாவின் பின்புறம் நடுவில் ஒரு வட்டம் தெரியுமே, அதுவும் அதே பொட்டு வெடிதான், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

கோட்டைக்குள் இருந்த துப்பாக்கி

வேலூர்க்காரர்கள் இந்த இரண்டாம் வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1806 ஜூலை 10 அதிகாலை, சிப்பாய்ப் புரட்சியில் நம் கோட்டைக்குள் வெடித்தவை எல்லாம் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கையில் அப்போது இருந்தது 'இந்தியா பேட்டர்ன்' என்கிற மஸ்கெட், அதாவது குழல் வாய்வழி நிரப்பும் நீளத் துப்பாக்கி. குழல் 39 அங்குலம். எடை நான்கு கிலோவுக்கு மேல். சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு மூடுவான். மீதியைக் குழல் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் போட்டுக் கம்பியால் இடிப்பான். நல்ல பயிற்சி இருந்தால் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம். நூறு கஜத்தைத் தாண்டினால் குறி என்பதே பேச்சுக்குத்தான்.

ஏன் குறி தப்பும்? இங்கேதான் 'போர்' என்கிற கணக்கு வருகிறது. 12 போர் என்று எல்லாரும் சொல்வோம், எதிலிருந்து வந்த 12 என்று கேட்டால் முழிப்போம். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒவ்வொரு உருண்டையும் எந்தக் குழலுக்குள் சரியாக உட்காருமோ அது 12 போர். விட்டம் கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். உருண்டையின் எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிசாகும். அதனால் எண் சின்னதானால் குழல் பெரிது. கொழுக்கட்டை பிடிக்கிற வீட்டில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

கம்பெனி மஸ்கெட்டின் குழல் 11 போர். அதில் போட்ட குண்டோ பவுண்டுக்குப் பதினான்கு கணக்கு. குழலைவிடக் குண்டு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சின்னது. தெரியாமல் நடந்ததில்லை, வேண்டுமென்றே செய்தது. கறுப்பு மருந்து சுடச் சுடக் குழலில் கரி படியும். இறுக்கமான குண்டு நாலைந்து சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். தளர்ந்த குண்டு கரியையும் தாண்டிக் கடகடவென்று இறங்கும், போகிற வழியில் குழல் சுவரில் இப்படியும் அப்படியும் இடித்துக்கொண்டு வெளியே போகும். வேகம் வேண்டுமா, குறி வேண்டுமா என்றதற்கு அந்தக் காலத்துப் படைத்தலைவர்கள் வேகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் ஊரில் அடிக்கடி கேட்கிற ஒரு பிழையும் சரியாகிவிடும். வேலூர் புரட்சிக்குக் காரணம் கொழுப்புத் தடவிய தோட்டா என்று சிலர் சொல்கிறார்கள். அது 1857. அப்போது வந்த 1853-ம் வருஷ மாதிரி என்ஃபீல்டு, உள்ளே சுழல் வரி வெட்டிய ரைஃபிள். அதற்குக் குழலை ஒட்டி இறங்கும் குண்டு வேண்டும், வழுக்கிக்கொண்டு போக மசகும் வேண்டும். தளர்ந்த குண்டு போடும் 1806-ம் வருஷ மஸ்கெட்டுக்குக் கொழுப்புக்கு வேலையே இல்லை. இங்கே பற்றிக்கொண்டது வேறு விஷயம். 1805 நவம்பரில் வந்த உடை உத்தரவு, தோல் முடிச்சு வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்பவை. உள்ளேயே திப்புவின் பிள்ளைகளைச் சிறை வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்குக் காலையில் மதில்மேல் ஒதுங்கியிருந்த 69-வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, அவர்களைத் திரட்டிப் பயோனெட்டோடு பாயவைத்தார். பின்னால் வந்த சிறு பீரங்கிகள் கோட்டைக் கதவைப் பிளந்தன. தோட்டா இல்லாத மஸ்கெட் என்பது நுனியில் கத்தி வைத்த தடி, அவ்வளவுதான். அதன் வடிவமே அதற்கும் பயன்படும்படிதான். பழைய மஸ்கெட்டைக் கையில் வாங்கினால் ஏன் இவ்வளவு நீளம், ஏன் இவ்வளவு கனம் என்று தோன்றும். ஈட்டியின் வேலையையும் அது செய்ய வேண்டியிருந்தது.

சிங்கமா, இதயமா?

இப்போது முத்திரைக்கு வருவோம். கம்பெனித் துப்பாக்கியின் லாக் தகட்டில், அதாவது குதிரை உட்கார்ந்திருக்கும் பக்கவாட்டுத் தகட்டில், ஒரு இதய வடிவம் இருக்கும். கோடுகளால் பிரித்து வி, ஈ, ஐ, சி என்கிற எழுத்துகள், உச்சியில் நாலு என்கிற எண் போல ஒன்று. பழைய செப்புக் காசு சேர்ப்பவர்களுக்கு அது பழகிய முகம், கம்பெனிக் காசிலும் அதே குறிதான். 1808 வாக்கில் இதை விட்டுவிட்டு, பின்னங்காலில் நிற்கும் சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள்.

இது ஏன் முக்கியம்? யாராவது ஒருவர் சிங்க முத்திரை போட்ட மஸ்கெட்டைக் காட்டி, "சார், வேலூர் கோட்டைக் கலகத்துல இருந்தது, பரம்பரைச் சொத்து" என்றால் நீங்கள் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்தச் சிங்கம் பிறந்ததே கலகத்துக்கு அப்புறம்.

அலங்காரக் கடைகளில் விற்கிற 'கம்பெனி காலத்து' துப்பாக்கிகள் இன்னும் மோசம். லாக் தகட்டில் கிரீடம் ஆழமாக வெட்டியிருக்கும், பார்த்தால் அசந்துபோவீர்கள். பற்றுவாயைத் தேடினால் துளையே இருக்காது. வீட்டு ஹாலில் மாட்டுவதற்குச் செய்தது. அப்படித் தெரிந்து வாங்கினால் தப்பில்லை, நூறு வருஷப் பொருளுக்கான காசை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தாத்தாவின் துப்பாக்கி மாதிரி பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிறவற்றில் முத்திரை வேறு இடத்தில் இருக்கும். முன்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில், தோட்டா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தெரியும். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் சோதனைச் சாலைகள் இருந்தன. பர்மிங்காம் சாலை 1813-ல் வந்தது. புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. பர்மிங்காமில் 1904-க்குப் பிறகு கிரீடத்தின் கீழே பி.வி., பி.பி. என்று போட்டார்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கும் சோதித்ததென்றால் என்.பி. சாய்சதுரத்துக்குள் 12-ம் சி-யும் இருந்தால் தோட்டா உட்காரும் அறை 12 போர்.

நான் உப்புத்தாளில் தேய்த்தது இந்த இடத்தைத்தான். என்.பி. இருந்ததா இல்லையா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த முத்திரை இல்லாத குழல் கறுப்பு மருந்தின் அழுத்தத்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் கையிலேயே பிளக்கலாம். இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த, பாம்புத் தோல் மாதிரி வரி ஓடுகிற 'டமாஸ்கஸ்' குழல்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பார்ப்பதோடு விட்டுவிட வேண்டும்.

காகிதம்தான் முதல்

சரி, வாங்கலாமா? துப்பாக்கியைவிடக் காகிதம் முக்கியம் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி சுடக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், அது முப்பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும். 'ரொம்பப் பழசு, அதனால் பரவாயில்லை' என்பது ஊரில் உலவுகிற மிக ஆபத்தான பொய். சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருவது வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதங்களுக்கு. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் அவை இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் விலக்கு கிடையாது. பரணில் ஏதாவது கிடைத்தால், எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறாமல், வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் சொல்லுங்கள்.

உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டு, அதற்கு முன் மூன்று. விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. உரிமக் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக ஆனது. உரிமக்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைப் பீரோவிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும். உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. நூறு வருஷம் தாண்டிய தொல்பொருள் என்றால் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டமும் வரும், தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்கள் துப்பாக்கியைச் சுற்றியுள்ளவற்றைச் சேர்க்கலாம். மருந்துக் கொம்பு, ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, பழைய கடை விலைப்பட்டியல், வேட்டைக்குப் போன ஜமீன்தார்கள் நின்றெடுத்த போட்டோ. என் சேகரிப்பில் முக்கால்வாசி இதுதான். பார்ப்பதற்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் மஸ்கெட்டுகள் உண்டு. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். எழும்பூர் வெள்ளிக்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள்.

புதிய துப்பாக்கிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எனக்கு அவற்றில் ருசி குறைவு. ஆனால் ஒன்று சுவாரசியம். நம் நாட்டில் பொதுமக்கள் கையில் .315 என்று ஒரு ரைஃபிள் அளவு பரவலாக இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு கிடையாது. காரணம் பழைய பயம். அப்போது ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா ஜனங்கள் கைக்குக் கிடைக்கக் கூடாதென்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. வேட்டைக்காரர்களுக்கு வேறு அளவு வேண்டியிருந்தது, அப்படி வந்ததுதான் இது. வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலை அதை இன்றும் செய்கிறது. சுட்டுப் பார்க்கிற ஆசை மட்டும் என்றால் ஏர் ரைஃபிள் போதும். குழல் 0.177 அங்குலத்துக்கும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாதவரை உரிமம் வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2008-ல் தங்கம் வாங்கியதும் அந்த 4.5 மில்லிமீட்டர் குண்டில்தான்.

கை வைப்பதற்கு முன்

எந்தத் துப்பாக்கியையும் நிரப்பியிருப்பதாகவே நினைத்துத் தொடுங்கள். வாய்வழி நிரப்பும் பழையவற்றில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. யாரோ நிரப்பி, சுடாமல் மாட்டி வைத்த மருந்து, ஈரம் படாமல் இருந்தால் பல தலைமுறைக்கு அப்புறமும் வெடிக்கும். மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்தால் குச்சி நுனி பற்றுவாய் வரைக்கும் வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நீங்கள் எடுக்காதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை அது.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை தப்பு நடந்தது. வீட்டுச் செக்கு எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறதென்று மல்லாட்டை எண்ணெயையே தடவினார்கள். சமையல் எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் பிசினாகிவிடும். குதிரையைப் பின்னால் இழுத்தால் சோம்பல் முறித்துக்கொண்டு வரும். மெல்லிய தாது எண்ணெய், தையல் மெஷினுக்குப் போடுகிறோமே அது மாதிரி, ஒரு சொட்டு போதும். அடுத்தது உறை. ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களுக்கு நடுவில் இருக்கிறோம், அழகான தோல் உறை தைத்துக் கொடுக்க ஆள் உண்டு. காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், ஐப்பசி மழையில் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தாத்தா தோல் உறையிலேயே போட்டு வைத்ததால், தைத்த கோடு நெடுக ஒரு துருக்கோடு குழலில் விழுந்திருக்கிறது. துருவைச் சுரண்ட வேண்டாம், எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் போதும். அடியில் இருக்கும் பழுப்பு நிறம் அதன் வயசு.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுத்ததற்கான ரசீதையும், வரிசை எண் தெரிகிற போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பெரியப்பாவுக்குத் திரும்பி வந்தது வேறு யாருடையதோ. எண் பார்த்துத்தான் மாற்றினோம். அன்றைக்கு அவர் உரிமப் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டினேன். முதல் பக்கங்களில் வட ஆற்காடு மாவட்ட முத்திரை. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர். அப்புறம் வேலூர். ஊதா மை கொஞ்சம் பரவியிருந்தாலும் ஒவ்வொரு வட்டமும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதன்மேல் யாரும் உப்புத்தாள் போடவில்லை.